துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வெள்ளெழுத்து முற்றியிருந்தது. இப்போது இப்படி நேராக எழுதிவிடுகிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பேப்பரைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்துப் படிப்பேன். "இன்னும் கொஞ்சம் நீட்டுங்க, எதுத்த வூட்டுக்காரரு படிச்சிச் சொல்லுவாரு" என்பாள் என் மனைவி. அச்சாபீஸ்காரன் மையைக் கம்மியாகப் போடுகிறான் என்று நான் திட்டுவேன். எதிரே மலைச்சரிவில் மேய்வது எந்த வீட்டு மாடு என்று சொல்லக்கூடிய கண் எனக்கு. அந்தக் கண்ணில் குறை என்று யார் சொன்னாலும் நம்ப நான் தயாராக இல்லை.

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை போடுவோம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. காய் பிடித்த நாளிலிருந்து செடி பிடுங்கும் நாள்வரை மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். ஒரு குடும்பம் இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிடும். நாம் ஏர் கட்டி உழுதால்கூட அவ்வளவு சுத்தமாக வராது. அதனால் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் ஈய ரவையும் போட்டு இடிக்கிற பழைய ரகம். பெரும்பாலும் வானத்தைப் பார்த்துத்தான் வெடிப்பேன், சத்தத்துக்கே பன்றி ஓடிவிடும். ஓடாமல் முறைக்கிற பன்றிக்கு மட்டும்தான் குறி பார்ப்பது.

குறி என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. குழல் நுனியில் மிளகு அளவில் ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். அதைப் பன்றிமேல் நிறுத்தி விசையை இழுக்க வேண்டும். அந்த மிளகுதான் கொஞ்ச காலமாக எனக்குக் காணாமல் போயிருந்தது. கண்ணை இடுக்கித் தேடினால் உருகிய வெண்ணெய் மாதிரி ஏதோ தெரியும். பித்தளை கறுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு புளி போட்டுத் தேய்த்தேன். குமிழ் பளபளத்தது, எனக்குத் தெரியவில்லை.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. டீக்கடையில் மழையைப் பற்றிப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். எந்தப் படிப்பில் எத்தனை இடம், எந்த வேலை யாருக்கு என்றே பேச்சு. என் மகள் அப்போது பிளஸ் டூ. நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நமக்கும் ஒரு கதவு திறக்கப் போகிறது என்று எனக்குள் ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவள் படிப்புக்கு நாங்கள் நம்பியிருந்ததும் அந்த மூன்று ஏக்கர் மல்லாட்டையைத்தான்.

புரட்டாசியில் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் ஓடவில்லை. பெரிய ரோட்டில் நடந்து போகவே சனங்கள் பயந்தார்கள். ஆனால் மலையிலிருந்து வருகிறவர்கள் வராமல் இருக்க முடியாதே. உப்புக்கும் மருந்துக்கும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். ரோட்டை விட்டுவிட்டுப் பயிர் நிற்கிற கொல்லைகள் வழியாக வந்தார்கள். எங்கள் மேற்கு வரப்பில் நாலே நாளில் ஒற்றையடிப் பாதை விழுந்தது. அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. வரப்பு கரைகிறதே என்று பார்த்தேனே தவிர, பாதை விழுந்தால் அதில் ஆள் வரும் என்கிற சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு விடியற்காலை கொல்லைக் காவல் பரண்மேல் உட்கார்ந்திருந்தேன். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. வரப்போரத்தில் செடி அசைந்தது. பன்றிதான், ஒற்றைப் பன்றி, நல்ல வளத்தி. துப்பாக்கியைத் தூக்கினேன். குமிழைத் தேடினேன். தேடத் தேடக் குமிழும் தெரியவில்லை, கொல்லையும் கலங்கிப்போனது. கிட்டத்தில் உள்ளதைத் துழாவுகிற கண் தூரத்தை விட்டுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. உத்தேசமாக ஒரு பக்கம் நீட்டி இழுத்துவிட்டேன்.

புகை கலைந்தபோது பன்றி இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் எழுந்து நின்றாள். மலைக்காரம்மா, என் வயதுதான் இருக்கும். நான் பன்றி என்று பார்த்த தலைச்சுமையை வரப்பில் இறக்கி வைத்துவிட்டுக் காலில் முள் எடுக்க உட்கார்ந்திருந்திருக்கிறாள். மூட்டையின் மேல் மூலையை ரவை கிழித்திருந்தது. அதிலிருந்து சாமை வழிந்துகொண்டிருந்தது. அவள் தலை இருந்த இடத்துக்கும் அந்தக் கிழிசலுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

நான் பரணிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அவள் கத்தவில்லை. கிழிசலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "மொதல்ல வந்து இத்த அள்ளுய்யா" என்றாள். இரண்டு பேரும் குனிந்து மண்ணோடு சேர்த்துச் சாமையை அள்ளினோம். நான் அள்ளியதில் பாதி திரும்பக் கீழே கொட்டியது.

"ஆளு குந்தினு இருக்கறது தெரியலியா ஒனக்கு?"

"தெரியலம்மா" என்றேன்.

"கண்ணு தெரியலன்னா தகர டப்பாவத் தட்டிக்கினு ஒக்காரு. இது எதுக்கு ஒனக்கு?"

மடி நிறைய மல்லாட்டை பிடுங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கிழிசலை இழுத்து முடிச்சுப் போட்டு, மூட்டையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அப்போதுகூட ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட எனக்குத் தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி வீட்டுப் பரண்மேல் பாத்திரங்களுக்குப் பின்னால் செருகினாள். "கண்ண பாத்துக்கினு வா. அப்பறம் இத்தத் தொடு" என்றாள். கோபம் வந்தால்தான் என்னை 'நீ' என்பாள்.

மறியல் ஓய்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் பாய் ஒருவர் மூக்குக்கண்ணாடியும் விற்பார். அவர் மாட்டிவிட்ட கண்ணாடியில் விரல் ரேகை வரைக்கும் தெரிந்தது. சந்தோஷமாக நிமிர்ந்து தெருவைப் பார்த்தேன். எதிர்க்கடைப் பலகையில் எழுத்தெல்லாம் தண்ணீரில் நனைந்த மாதிரி இருந்தது.

"பாய், இது பக்கத்துலதான் தெரியுது. எனக்குத் துப்பாக்கி மொனையும் தெரியணும், பன்னியும் தெரியணும்."

"ரெண்டையும் ஒரே நேரத்துல கேட்டா எப்படிங்க? அல்லா குடுத்த கண்ணே அப்படி வேல செய்யாது" என்றார் பாய். சிரித்துவிட்டு, பெஞ்சுக்குக் கீழே இருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்தார். அரபு நாட்டில் வேலை செய்யும் அவருடைய தம்பி கொண்டுவந்து போட்டது. அதில் ஒரு துப்பாக்கிப் படம். குழல்மேல் தீப்பெட்டி நீளத்துக்கு ஒரு கூண்டு, அதற்குள் கண்ணாடி, கண்ணாடியின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. பாய் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னார். "இதுல புள்ளியத் தேட வேணாமாம். கண்ண மிருகத்து மேல வச்சா போதும், புள்ளி தானா அங்க வந்து நிக்குமாம். ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சிக்கலாமாம்."

"எங்க கெடைக்கும்?"

"கள்ளக்குறிச்சில கெடைக்காது. கெடைச்சாலும் உங்க துப்பாக்கில அத்த எங்க மாட்டுவீங்க? ஒரு வெடில கூண்டு பறந்துரும்." பத்திரிகையை மூடிக்கொண்டே, "செவப்புதான் வேணும்னா வேற செவப்பப் பாருங்க" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் புள்ளிதான் கண்ணுக்குள் நின்றது. தேடாமலே தெரிய வேண்டும், அதுதான் சூட்சுமம். கண் கொல்லையில் இருக்கட்டும், சிவப்பு தானாக வந்து சொல்லட்டும். இவ்வளவு நாள் நான் செய்ததெல்லாம் தலைகீழ் என்று புரிந்தது. புரிந்ததில் ஒரு தெம்பு வந்தது. அன்றைக்குச் சைக்கிளை நன்றாகவே மிதித்தேன்.

மறுநாள் பகலில் பரீட்சை தொடங்கியது. துப்பாக்கியில் மருந்து கிடையாது, என் மனைவி குழலுக்குள் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். கண்ணேறுக்காகக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த சுண்ணாம்புப் புள்ளிப் பானையை ஐம்பதடித் தூரத்தில் நட்டோம். முதலில் குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துக் குமிழில் தடவினேன். அது வழிந்து குழலுக்கு நாமம் போட்டது. அடுத்து மகளின் நகப்பூச்சு. அந்த வயதுப் பெண்ணிடம் நகப்பூச்சு கேட்பது போலீஸிடம் லத்தி கேட்பது போல, ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் தந்தாள். பூசியது காய்ந்ததும் வெயில் பட்டு ஒரே மினுக்கு. சிவப்பு தெரியவில்லை, வெள்ளையாகத்தான் கண்ணைக் குத்தியது.

கடைசியில் ஒரு குண்டுமணியைப் பொறுக்கினேன். கறுப்பு முனை அடியில் போகும்படி அரக்கு உருக்கிக் குமிழ்மேல் ஒட்டினேன். அப்பா, என்ன சிவப்பு. துப்பாக்கியைத் தோளில் வைத்ததுமே கண் முன்னால் உட்கார்ந்துகொண்டது. "கெடைச்சிருச்சி" என்றேன்.

"பானை தெரியுதா?" என்றாள் என் மனைவி.

"பொட்டு தெரியுது."

"பானை தெரியுதான்னு கேட்டேன்."

பார்த்தேன். பானையைக் காணவில்லை. குண்டுமணி அதை முழுசாக மறைத்திருந்தது. "பானை எங்க போயிடப் போவுது, பொட்டுக்குப் பின்னாலதான் இருக்குது" என்றேன்.

"அன்னைக்கும் அந்தம்மா அங்கதான் குந்தினு இருந்தாங்க" என்றாள் அவள். "பொட்டு தெரிஞ்சி இன்னா? பொட்டச் சுத்தி இன்னா இருக்குதுன்னு தெரியணும். சின்னதா வையுங்க."

அவள் சொன்னது நியாயம். நியாயம் என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது. அவள் நெற்றியில் வைப்பது கடுகளவு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. பெரிசு வைத்தால் அரிக்கிறது என்பாள். 'இது பொட்டா, கொசு கடிச்ச தடமா' என்று அதை நான் கிண்டல் செய்வது வழக்கம். "ஒன் பொட்டு மாதிரி வச்சா தேடறதுக்கு இன்னொரு ஆளு வேணும்" என்று சொல்லி, குண்டுமணியையே வைத்துக்கொண்டேன். அவளும் துப்பாக்கியைத் திரும்பப் பாத்திரங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள்.

அந்தச் சண்டை தீர்வதற்குள் தாக்கீது வந்துவிட்டது. ஊரில் பதற்றம் அடங்கும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தனியாகப் போய் ஒப்படைத்தேன். எங்கள் துப்பாக்கியில் நம்பர் தேய்ந்து பாதிதான் இருந்தது. அதனால் ரைட்டர் அடையாளங்களைப் பார்த்துப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுதினார். ரசீதை நீட்டி, "படிச்சிப் பாத்துக்க" என்றார். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. கையை நீட்டிப் பிடிக்க அந்த இடத்தில் கௌரவம் விடவில்லை. "பாத்துட்டேன் சார்" என்று கையெழுத்துப் போட்டு மடித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு தகர டப்பாதான். மலைக்காரம்மா சொன்ன அதே டப்பா. நானும் மனைவியும் மாற்றி மாற்றித் தட்டினோம். நாலு நாள் பன்றி பயந்தது, ஐந்தாம் நாள் அது டப்பாச் சத்தத்தில் நிம்மதியாக மேய்ந்தது. கீழ்க்கோடி அரை ஏக்கர் போய்விட்டது. கார்த்திகை பிறந்து, செடி பிடுங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது துப்பாக்கிகளைத் திருப்பித் தருகிறார்கள் என்று செய்தி வந்தது.

"நானும் வர்றேன். நீங்க தனியா போனா சண்ட போட்டுக்கினு வெறுங்கையோட வருவீங்க" என்றாள் என் மனைவி. என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ரைட்டர் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து ரிஜிஸ்தரோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கட்டையில் விரிசல் இருந்தது. பித்தளைப் பட்டை இருந்தது. பிறகு நிறுத்தினார். "குழல் மொனையில செவப்புப் பொட்டு ஒண்ணுன்னு எழுதியிருக்குது. எங்க பொட்டு?"

குனிந்து பார்த்தேன். குமிழ் மொட்டையாக இருந்தது. குண்டுமணி எங்கேயோ உதிர்ந்திருக்கிறது. பொட்டை அவர் எழுதியதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"வுழுந்துட்டிருக்கும் சார்."

"வுழுந்துட்டிருக்கும்னா? நம்பரும் சரியா இல்ல, பொட்டும் இல்ல. இது ஒன் துப்பாக்கிதான்னு நான் எத்த வச்சி எழுதறது? நாளைக்கி மாத்திக் குடுத்துட்டாங்கன்னு நீயே பெட்டிசன் போடுவ. இன்ஸ்பெக்டரு வரட்டும், அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் வந்தால் பிடுங்க மல்லாட்டை இருக்காது. என் குரல் ஏறத் தொடங்கியது. "ஒங்க ஸ்டேஷன்ல தொலைஞ்ச பொட்டுக்கு" என்று ஆரம்பித்தேன். என் மனைவி என் காலை மிதித்தாள்.

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். நகத்தால் பொட்டைப் பெயர்த்தாள். குழல் நுனிக் குமிழில் வைத்து, கட்டை விரலால் அழுத்தினாள்.

ரைட்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அய்ய, இன்னாம்மா பண்ற நீ? வூட்டுக்காரர பக்கத்துல வச்சிக்கினு..."

"பக்கத்துலதான இருக்காரு சார்" என்றாள் அவள். "செவப்புப் பொட்டு ஒண்ணு. எழுதனது இருக்குதா பாருங்க."

ஸ்டேஷனில் இருந்த நாலு பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள். ரைட்டர் ரிஜிஸ்தரைப் பார்த்தார், குழலைப் பார்த்தார், அவள் நெற்றியை மட்டும் பார்க்கவில்லை. "ஒத்துப்போவுது. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு கெளம்புங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவள் பக்கம் திரும்ப எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த நெற்றியைக் காலியாக நான் பார்த்ததில்லை. வழியில் இருந்த பிள்ளையார் கோயிலில் நின்று, தட்டிலிருந்த குங்குமத்தை நானே எடுத்து நீட்டினேன். பெரிசாக இட்டுக்கொண்டாள். "அரிக்கும்" என்றாள்.

அன்று மாலையே குழலுக்குள் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுப் பானையைக் குறி பார்த்தேன். கடுகளவு சிவப்பு, தேடாமலே வந்து நின்றது. அதைச் சுற்றிப் பானையும், பானையின் சுண்ணாம்புப் புள்ளிகளும், பின்னால் வேலியும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. "எப்படி இருக்குது?" என்றாள். "நீ சொன்னதுதான் சரி" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவள் போலத் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனாள். ஆனால் துப்பாக்கியைப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து, விடியும் நேரம், பரண்மேல் இருந்தேன். பனி இறங்கியிருந்தது. பஸ் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகும் சிலர் அந்த மேற்கு வரப்புப் பாதையை விடவில்லை. இந்த முறை அது எனக்கு ஞாபகம் இருந்தது. வரப்போரத்தில் செடி சரசரத்தது. பன்றி உயரத்துக்குக் கறுப்பாக ஏதோ தாழ்ந்திருந்தது. துப்பாக்கியைத் தூக்கினேன், விரலை விசைக்கு வெளியே வைத்துக்கொண்டு. குமிழைத் தேடவில்லை. கண்ணைக் கொல்லையிலேயே விட்டேன். சிவப்பு வந்து அந்தக் கறுப்பின்மேல் நின்றது. அதற்கு ஒரு விரற்கடை பக்கத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. பன்றியில் நீலம் ஏது? இன்னொரு தரம் பார்த்தேன். சாக்கு மூட்டை. அதன் மேல் மூலையில், கிழிசல் இருந்த இடத்தில், நீலத் துணி ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது.

குழலை வானத்துக்குத் திருப்பிவிட்டுக் குரல் கொடுத்தேன். மூட்டைக்குப் பின்னால் இளைப்பாற உட்கார்ந்திருந்த அவள் எழுந்து நின்றாள். இறங்கிப் போனேன்.

"நீயாய்யா?" என்றாள். துப்பாக்கியை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணு தெரியுதா இப்ப?"

"தெரியுதும்மா."

"இன்னா தெரிஞ்சிது?"

"ஒட்டுப் போட்ட துணி."

அவள் மூட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பழைய பாவாடத் துணி" என்றாள். துப்பாக்கியை வரப்பில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். கனமாகத்தான் இருந்தது. அவள் சும்மாட்டைச் சரி செய்துகொண்டு வரப்பு வழியே கிழக்கே நடந்தாள். அந்த நீலத் துணி கரும்புக் கொல்லையைத் தாண்டிப் போகிற வரைக்கும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.